திருப்பாத தட்டு

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்தப் புயலுக்கு வைத்த பெயர் மறந்துவிட்டது. தட்டுகளில் வரைந்திருந்த பறவை நீலம் என்று பெபாங் சாதிப்பாள். பச்சை என்றார் குமாபன். பெபாங் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. குமாபன் ஒரே ஒரு தடவை சொன்னார். அதிலும் பாதி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கமே சாய்கிறேன். அவர் பேசாமல் இருந்த இடங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

சனிக்கிழமை காலை. அர்கெயோ வீட்டின் மாடியில், சாப்பாட்டு அறை ஜன்னலருகே அமாந்தோ குமாபன் நின்றுகொண்டிருந்தார். சிப்பி பதித்த ஜன்னல் கதவுகளை மழை அறைந்துகொண்டிருந்தது. விரல் அகலத்துக்குத் திறந்திருந்த இடுக்கு வழியாக வெளியே பார்த்தார். தோட்டம் இல்லை. சாலை இல்லை. ஆறு எது, ஊர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே பழுப்புத் தண்ணீர்.

"பாலம் போயிடுச்சு மனோங்," என்றாள் பெபாங் அவர் முதுகுக்குப் பின்னால். "பெரிய வீடு, ஒரே வாசல். எலிப்பொறியும் இப்படித்தான் கட்டுவாங்க. மசால் வடைக்குப் பதிலா நமக்குக் கருவாடு."

மனோங் என்றால் அண்ணன்; அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் பதில் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இலோயிலோ நகரில் ஜீப்னி எனும் பங்கு வண்டிகளின் நிறுத்தத்தில் நின்று, ஆள் சேர்க்க ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தவள் பெபாங். துப்பறிவாளரான அவருக்கு ஒரு வழக்கில் சாட்சியாக வந்து, உதவியாளாக ஒட்டிக்கொண்டாள். இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அவர்கள் இங்கே வந்தது நேற்று மதியம். வரச் சொன்னவர் தியோபிலோ அர்கெயோ. தொலைபேசியில் அவர் சொன்னது கொஞ்சம்தான். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு வாசல்ல கல்வெட்டு திறக்கறாங்க. சண்டைக் காலத்துல மாகாண அரசாங்கம் இங்கதான் நடந்துச்சுன்னு எழுதி, எங்கப்பா பேரையும் போட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர்கிட்ட நான் ஒண்ணு சொல்லியாகணும். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க."

வந்தார்கள். வழியெல்லாம் வெள்ளம், தாமதமாகிவிட்டது. படியேறியபோது வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசைத் தலைமாட்டில் தியோபிலோவின் அக்கா கொன்சொலாசியோன் அம்மாள். கைம்பெண், இடுப்பில் சாவிக்கொத்து. அவர் பக்கத்தில், இறந்துபோன தம்பி ஒருவரின் மகன் ரெனாதோ. கல்வெட்டு விழாவுக்காக மணிலாவிலிருந்து வந்தவன். மூன்றாவது நாற்காலி காலி. அதன் முன்னால் பாதி சாப்பிட்ட தட்டு.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருப்பீங்க," என்றார் அம்மாள். "சாப்பாட்டுல பாதியில கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டான். தொப்பி, குடை எல்லாம் எடுத்துக்கிட்டான். இலோயிலோவுக்குத்தான் போயிருப்பான்."

திரும்பிப் போகலாம் என்று கிளம்பியபோது பாலத்தைக் காணோம். இரவு கவர்னரின் பழைய அறையில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். சண்டைக் காலத்தில் அவர் உட்கார்ந்து ஆணை எழுதிய மேசை இன்னும் அங்கே இருந்தது. குமாபன் தூங்கவில்லை. பார்த்த ஏதோ ஒன்று, பல்லில் மாட்டிய மீன் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. எதைப் பார்த்தோம் என்றுதான் தெரியவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். பூண்டு வதக்கிய சோறு, கருவாடு, கெட்டியான சாக்லேட் பானம். தட்டுகள் அம்மாளின் தாய்வழிச் சீதனம். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரே ஒரு பறவை. அம்மாளே தட்டுகளை வைத்தார், பறவை தலைப்பக்கம், சாப்பிடுபவருக்கு எதிர் விளிம்பில் இருக்கும்படி.

"கல்வெட்டு நாளைக்கு நடக்குமா தோன்யா?" என்று அம்மாளிடம் மரியாதையாகக் கேட்டாள் பெபாங்.

"நடக்கும்."

"வர்றவங்க நீந்தித்தான் வரணும். மந்திரிக்கு நீச்சல் தெரியுமா?"

ரெனாதோ சிரிக்க முயன்றான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. மணிக்கட்டில் துருக்கறை.

"கையில என்ன தம்பி?" என்றார் குமாபன். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"ஜன்னல் கொக்கி. காத்துல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

குமாபன் தலையாட்டினார். ஜன்னல் கொக்கிகள் எல்லாம் பித்தளை.

பெபாங் வாயில் சோற்றோடு எழுந்தாள். "நம்ம ஜீப் இன்னும் தரையிலதான் நிக்குதான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். நீங்க சாப்பிடுங்க."

அவள் படியை நோக்கி நடந்தாள். அந்தக் கணத்தில், பேச்சு எதுவுமில்லாமல், ரெனாதோவின் விரல்கள் தட்டின் விளிம்பைப் பிடித்து அரைவட்டம் திருப்பின. பறவை தலைகீழாகிக் கீழே வந்தது. குமாபனின் கையும் தன் தட்டைத் திருப்பி முடித்திருந்தது. அவர் அதை நினைத்துச் செய்யவில்லை. சாப்பிடும்போது ஒருவர் எழுந்து வெளியே போனால், மீதிப் பேர் தட்டைத் திருப்புவார்கள், போகிறவர் பத்திரமாகப் போய்ச்சேர. சின்ன வயதில் அவருடைய அம்மா திருப்பினாள், அதைப் பார்த்து அவரும் திருப்பினார். தும்மல் போல அது தானாக வருவது.

உறுத்திய முள் வெளியே வந்தது.

நேற்று இந்த மேசையில் எல்லாப் பறவைகளும் தலைப்பக்கம் இருந்தன. மழையில், கோபத்தில், சொந்த ரத்தம் ஒன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறது. ஒரு தட்டுகூடத் திரும்பவில்லை. தொப்பியை மறைக்கத் தெரிந்தது, குடையை மறைக்கத் தெரிந்தது, தட்டில் பாதிச் சோறு வைக்கத் தெரிந்தது. தட்டைத் திருப்ப மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் யாரும் எழுந்து போகவில்லை.

தியோபிலோ இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார்.

குமாபன் மெல்ல நிமிர்ந்தார். அப்போதுதான் இரண்டாவது விஷயத்தைப் பார்த்தார். அம்மாளின் தட்டு இப்போதும் திரும்பவில்லை. அவர் கைகள் மேசைமேல் இல்லை. மடியில், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று குமாபன் என்னிடம் சொல்லவில்லை. சொல்லும்போதும் அதே அளவு மௌனமாக இருந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் எழுந்து ஜன்னல் இடுக்கில் மறுபடி பார்த்தார். கூரையிலிருந்து இறங்கும் தகரக் குழாய், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பழைய கல் தொட்டிக்குள் இறங்க வேண்டியது. யாரோ அதை முறுக்கி வெளியே திருப்பியிருந்தார்கள். கூரைத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. முறுக்கிய இடத்தில் துரு உதிர்ந்து புதிதாகப் பளபளத்தது. மழைநீர் சேமிக்கக் கட்டிய தொட்டி. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபின் காலியாகக் கிடப்பது. காலித் தொட்டிக்குள் தண்ணீர் விழக்கூடாது என்று யாருக்கு அக்கறை? தொட்டியின் சுவர் வீட்டின் கீழ் அறையோடு ஒட்டியிருந்தது.

பெபாங் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள். "ஜீப் மிதக்குது மனோங். இனிமே டிக்கெட் போட்டுக் கப்பல்னே ஓட்டலாம்."

"அம்மா," என்றார் குமாபன், "உங்க கீழ் அறையில புனித வெள்ளி ஊர்வலத் தேர் இருக்குன்னு கேள்வி. பாக்கலாமா?"

அம்மாள் அவரை நேராகப் பார்த்தார். "கதவு திறந்துதான் இருக்கு. போய்ப் பாருங்க."

ரெனாதோவின் சாக்லேட் கோப்பை தட்டில் இடித்து ஒலித்தது.

கீழ் அறை இருட்டாக இருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். நடுவில் தேர், அதன்மேல் துணி போர்த்திய மாதா சிலை. பெபாங் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். "இவங்களையும் அடைச்சுத்தான் வெச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு நாள்தான் பரோல்."

"தேரைத் தள்ளு."

தள்ளினார்கள். பின் சுவரில் ஆளுயரத்துக்குக் குறைந்த ஓர் இரும்புக் கதவு. பூட்டியிருந்தது. குமாபன் முஷ்டியால் தட்டினார். உள்ளிருந்து பதிலுக்கு மூன்று தட்டு.

"யாரு?" என்றது ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"குமாபன். இலோயிலோவுலேருந்து."

"சாப்பாட்டுக்கு வரச் சொன்னேன்," என்றார் தியோபிலோ. "தாமதமா வந்திருக்கீங்க."

அதே நேரம் அவர்களுக்குப் பின்னால் அறைக் கதவு சாத்தப்பட்டது. சாவிக்கொத்து குலுங்கியது. பூட்டுக்குள் சாவி திரும்பியது.

பெபாங் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடித் தோளால் மோதினாள். கதவு அசையவில்லை. "நல்ல மரம்," என்றாள் தோளைத் தடவிக்கொண்டே. "வாழ்த்துக்கள்."

"நாளைக்குப் பூசை முடியட்டும்," என்றது கதவுக்கு அந்தப்புறம் அம்மாளின் குரல். தணிந்த, பதற்றமில்லாத குரல். "கல்வெட்டு திறக்கட்டும். எல்லாரையும் விட்டுடறேன். எங்கப்பா பேரை ஊர் முன்னாடி அசிங்கப்படுத்த நான் விடமாட்டேன்."

"தீயா, திறங்க," என்று ரெனாதோ அத்தையிடம் கெஞ்சுவது கேட்டது. "தண்ணி ஏறுது தீயா. ஒரு நாள்தான்னு சொன்னீங்க, அதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன்."

"நீதான் குழாயைத் திருப்பிட்டியே. உள்ள ஒரு சொட்டு போகாது. சண்டைக் காலத்துலயும் வெள்ளம் வந்துச்சு. அப்பா சுண்ணாம்பும் முட்டையும் குழைச்சுக் கட்டின தொட்டி அது."

குமாபன் இரும்புக் கதவில் காதை வைத்தார். "தியோபிலோ, உள்ள தண்ணி எவ்வளவு?"

"மேல் படியில நிக்கறேன். இடுப்புக்கு மேல." கொஞ்சம் இருமினார். "நாப்பத்தெட்டு நிலநடுக்கத்துலயே இது விரிசல் விட்டுடுச்சு. ஆத்துத் தண்ணி அடியிலேருந்து வருது. அக்காவுக்குத் தெரியாது. சண்டைக்கு அப்புறம் அவ இந்தப் பக்கம் காலே வெச்சதில்ல."

குமாபன் அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு, நடுவில் தண்ணீர் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. நேற்று இரவே அவரும் பெபாங்கும் போயிருந்தால், வெள்ளத்தைப் பார்த்த ரெனாதோ அழுது புலம்பியாவது இந்தக் கதவைத் திறக்க வைத்திருப்பான். அந்நியர் இருவர் வீட்டில் இருந்ததால்தான் தியோபிலோ உள்ளேயே இருந்தார். காப்பாற்ற வந்தவர்களே கதவுக்கு இன்னொரு பூட்டு.

"உங்க சிந்தனை எப்ப கரை சேரும் மனோங்?" என்றாள் பெபாங். குரலில் விளையாட்டு மெலிந்திருந்தது. "எனக்கு நீச்சல் தெரியாது. கத்தத்தான் தெரியும்."

"தியோபிலோ," என்றார் குமாபன், "என்கிட்ட சொல்ல வந்தது என்ன?"

"கவர்னரை ஜப்பான்காரன்கிட்ட காட்டிக்கொடுத்தது எங்கப்பா. சாகும்போது அவரே என்கிட்ட சொன்னாரு. சம்பவத்தன்னிக்கு நான் ஊர்ல இல்ல. கவர்னரோட கடுதாசியை எடுத்துக்கிட்டு மலைக்குப் போயிருந்தேன். பதினாறு வயசு. திரும்பி வந்தா அவர் இல்ல. இந்தத் தொட்டியிலதான் ஒளிஞ்சிருந்தாராம், இங்கேருந்துதான் இழுத்துக்கிட்டுப் போனாங்களாம். அந்த அப்பா பேரைக் கல்லுல வெட்டினா, தினம் அதைத் தாண்டி எப்படி நான் வெளிய போவேன்?"

குமாபன் தண்ணீரில் நடந்து மரக் கதவுக்கு வந்தார். கதவில் நெற்றியைச் சாய்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"அம்மா. நேத்து உங்க மேசையில ஒரு தட்டும் திரும்பல. நாடகம் போட்டவங்க அதை மறந்துட்டீங்க. சரி. ஆனா இன்னைக்கு பெபாங் எழுந்தப்ப ரெனாதோ திருப்பினான், நான் திருப்பினேன். நீங்க மறக்கல. கையை மடியில வெச்சுப் பிடிச்சுக்கிட்டீங்க. அது தானா திரும்பிடுமோன்னு பயந்த மாதிரி."

கதவுக்கு அந்தப்புறம் சாவிக்கொத்து ஒரு தடவை குலுங்கியது.

"முதல்ல தப்பா நினைச்சேன். போறவ நாசமாப் போகட்டும்னு திருப்பலையோன்னு. ஆனா அதுக்குக் கையை அப்படி இறுக்க வேண்டியதில்ல. எப்பலேருந்து திருப்பறதில்ல?"

மழைச் சத்தம். எங்கோ ஒரு தகரம் கழன்று பறந்தது. குமாபன் காத்திருந்தார். பெபாங் வாயைத் திறந்தாள், அவர் கை உயர்த்தினார், மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான் சரியான நேரத்தில் வாயை மூடிய தடவை என்று பிறகு பலமுறை பெருமை பேசியிருக்கிறாள்.

"அன்னிக்குலேருந்து," என்றார் அம்மாள்.

பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"மத்தியானச் சாப்பாடு. கவர்னரும் எங்களோட சாப்பிட்டுக்கிட்டிருந்தார். ஜப்பான்காரங்க வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. எழுந்து கீழ போனார். அவர் தட்டை அம்மா எடுத்து மறைச்சுட்டா. அதிகாரி மேல வந்தப்ப நாங்க மூணு பேரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். போன வாரமே போயிட்டார்னு அப்பா சொன்னார். அதிகாரி நம்பிட்டான். திரும்பிட்டான். படி இறங்கப் போனான்."

மூச்சு வாங்கினார்.

"கூட ஒரு மொழிபெயர்ப்பாளன். நம்ம ஆளு. அவன் என் தட்டைப் பாத்தான். பறவை தலைகீழா இருந்துச்சு. 'இப்பத்தான் யாரோ எழுந்து போயிருக்காங்க'ன்னான். அப்பா திருப்பல, அம்மா திருப்பல. நான்தான். அவர் எழுந்தப்ப என்னை அறியாம..." குரல் அறுந்தது. "அவர் பத்திரமா இருக்கணும்னுதானே திருப்பினேன்."

ரெனாதோ ஏதோ முனகினான்.

"வெளிய தெரிஞ்சா ஊர் என்னைக் கொன்னுடும்னு அப்பா பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். சாகும்போது தியோபிலோகிட்டயும் அப்படியே சொல்லிட்டுப் போனார். நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். வாயைத் திறக்கல."

"இதைத் தியோபிலோகிட்ட சொல்லுங்க," என்றார் குமாபன். "அப்புறம் அடைச்சு வைக்க ஒண்ணும் இருக்காது."

"என்னால சத்தமாச் சொல்ல முடியாது."

குமாபன் திரும்பிப் பெபாங்கைப் பார்த்தார்.

அவள் புரிந்துகொண்டாள். தண்ணீரை விலக்கி இரும்புக் கதவுக்குப் போனாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். லா பாஸ், மோலோ, ஹாரோ என்று ஊர் பெயர்களைச் சந்தை இரைச்சலுக்கு மேலாகக் கூவிப் பழகிய தொண்டை அது. அம்மாள் சொன்னதை வரி பிசகாமல் ஒவ்வொன்றாகக் கூவினாள். மத்தியானச் சாப்பாடு. அவர் எழுந்து கீழே போனார். அதிகாரி நம்பினான். பறவை தலைகீழாக இருந்தது. ஜீப்னிக்கு ஆள் கூப்பிடும் அதே ராகத்தில்தான் தொடங்கினாள். அவளுக்கு வேறு ராகம் தெரியாது. 'பத்திரமா இருக்கணும்னுதானே' என்ற இடத்தில் அந்தப் பெரிய குரல் உடைந்து, மறுபடி முதலிலிருந்து அந்த வரியைச் சொல்ல வேண்டியதாயிற்று.

உள்ளே சத்தமே இல்லை. குமாபன் பயந்தார். தண்ணீர் ஏறிவிட்டதோ என்று நினைத்தார்.

பின்னால் சாவி திரும்பியது.

அம்மாள் பாவாடை மிதக்கத் தண்ணீரில் இறங்கி வந்தார். முப்பத்தாறு வருடம் கால் வைக்காத இடம். இருட்டில் சாவி பூட்டுக்குள் போகவில்லை; ரெனாதோ அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பூட்டு திறந்தது. கதவைத் தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்தது. நான்கு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

தியோபிலோ மேல் படியில், மார்பளவுத் தண்ணீரில் நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. குடை இன்னும் கையில் இருந்தது. ரெனாதோ அவரை வாரி எடுத்துக்கொண்டான். அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"நான் அங்க உக்காந்திருந்தா," என்றார் தியோபிலோ பல் கிடுகிடுக்க, "நானும்தான் திருப்பியிருப்பேன்."

பெபாங் அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விழா நடக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. துணியை விலக்குவதற்கு முன் கொன்சொலாசியோன் அம்மாள் எழுந்து நின்று, ஊர் முன்னால் தன் வாயாலேயே சொன்னார். சிலர் பிறகு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கவர்னரின் மகள் கேள்விப்பட்டுத் தேடி வந்தாள், அந்த மேசையில் சாப்பிட்டாள், படகுக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் எழுந்தாள். அம்மாள் தட்டைத் திருப்பினார்.

தியோபிலோ அன்று வாங்கிய நெஞ்சுச் சளி குணமாகவே இல்லை. சில வருடத்தில் இறந்தார். ரெனாதோ மணிலா வேலையை விட்டு வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். தொட்டியை மண் போட்டு மூடிவிட்டான். அம்மாள் போன மழைக்காலத்தில் தூக்கத்தில் போனார். கவர்னரின் உடல் கிடைக்கவேயில்லை. குமாபன் தொழிலை விட்டபின் மோலோவில் தனியாக இருந்தார், அங்கேயே இறந்தார். பெபாங் இருக்கிறாள். பறவை நீலம் என்றுதான் இன்னும் சொல்கிறாள்.